கைதட்ட வந்தவர்கள்

அரங்க வாசலில் குடிநீர் கேட்டு நடந்த மறியலால், பார்வையாளர்களின் பேருந்து எங்கோ தூரத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. தேசபக்திப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குக் கைதட்ட ஆளில்லை. நேரலை தொடங்கப்போகிறது, முன்வரிசையில் அமைச்சர் வேறு. டிவிக்காரர்கள் ஓடிப்போய் மறியல்காரர்களையே கெஞ்சினார்கள்.

“ஏசி உண்டுல்ல? அப்ப வர்றோம்” என்றாள் தலைவி அஞ்சுகம்.

கடைசியாகப் பாட வந்த சாருலதாவுக்கு ஒரே பயம், இரண்டாவது வரிதான். ஒத்திகையில்கூட அது மறந்துபோயிருந்தது. “வீட்டுக்கு வீடு தண்ணீர் தரும் நாடு” என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். அவ்வளவுதான், அடுத்த வரி வரவில்லை. அதற்குள் கூட்டம் பழக்கதோஷத்தில் முஷ்டியை உயர்த்தி அதே வரியைத் திருப்பி முழங்கியது. பிழைத்தோம் என்று அவளும் மறுபடி அதையே பாடினாள். அவர்களும் விடவில்லை. “என்னவொரு புதுமை!” என்று நடுவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அமைச்சருக்கும் பழக்கதோஷம் உண்டே. எழுந்து கைகூப்பி, “உங்கள் கோரிக்கை அரசின் பரிசீலனையில் இருக்கிறது” என்றார்.

சரியாக அந்த நேரத்தில் சாருலதாவுக்கு இரண்டாவது வரி நினைவுக்கு வந்துவிட்டது. பாடி முடித்தால் கோப்பை அவளுக்குத்தான்.

“எப்பன்னு கேளும்மா!” என்றாள் அஞ்சுகம்.

சாருலதா மேடையிலிருந்து இறங்கி, மைக்கை அமைச்சரிடம் நீட்டினாள்.