மட்கார்டில் ஓர் ஒடுக்கு

"அந்த ஒடுக்கை மட்டும் தட்டி எடுத்துடுங்க சார். டிங்கரிங் செலவு என்னோடது."

கண்ணாடிக் கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டார். காலங்காத்தாலே தன் ஷெட்டுக்குள் வந்து நின்று தன் டிராக்டரையே ஒருத்தி குறை சொல்வாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"நர்ஸ்னு சொன்னீங்களேம்மா. உண்மையைச் சொல்லுங்க, உங்களை அனுப்பினது அந்தப் பல் டாக்டர்தானே?"

"எந்தப் பல் டாக்டர் சார்?"

பழைய வண்டி வைத்திருப்பவர்களின் உலகம் சின்னது, பொறாமை பெரியது. இந்த மாதிரிக் குட்டி டிராக்டர், ஆள் இடுப்பு உயரத்தில், ஒற்றை சிலிண்டரோடு, இன்னும் ஓடுகிற நிலையில் இரண்டுதான் மிச்சம். ஒன்று பல் டாக்டரிடம் இருக்கிறது. அவர் அதற்குப் பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்துக் குட்டிச்சுவராக்கிவிட்டார். கடைக்காரரின் வண்டியிலோ கம்பெனியில் அடித்த பெயின்ட் அப்படியே இருக்கிறது. கீறல், துரு, ஒடுக்கு எதிலும் அவர் கை வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் பரிசு தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார். பேப்பரில் படமே வந்துவிட்டது.

"தட்டினா பெயின்ட் உதிரும். அது உதிர்ந்தா இது வெறும் தகரம்மா."

"அவர்கிட்ட போய்ச் சொல்றீங்களே!" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அது வண்டி இல்ல, என் சக்களத்தி. எனக்கு ஜுரம்னா மாத்திரை எங்க இருக்குன்னு சொல்லுவார். அதுக்கு இருமல் வந்தா சாப்பிடவே மாட்டார்."

நர்ஸ் சிரிக்கவில்லை.

"இது எங்க அப்பா வச்சிருந்த வண்டி சார். வெளியில கார்ல உக்காந்திருக்கார். அவருக்கு ஞாபகம் போயிடுச்சு. சில நாள் என்னையே யாருன்னு கேப்பார். பேப்பர்ல போட்டோவைப் பாத்ததும் 'என் வண்டி, என் வண்டி'ன்னு ஒரே சந்தோஷம். கூட்டிட்டுப் போனாத்தான் சாப்பிடுவேன்னு அடம். போட்டோவுல இந்தப் பக்கம் தெரியல. ஆனா இங்க வந்தா..."

கடைக்காரரின் சந்தேகமெல்லாம் பறந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்த வண்டியின் பழைய சொந்தக்காரரைத் தேடாத இடமில்லை. அவரே வாசலில் வந்து நிற்கிறார்!

"அட, முதல்லயே சொல்லக் கூடாதா? கூட்டிட்டு வாங்கம்மா. ஒடுக்கைப் பாத்தா ரசிக்கத்தான் செய்வார்."

"ஐயோ, வேணாம் சார். அது எப்படின்னா..."

வாசலில் கார் ஹாரன் விடாமல் அலறியது. பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு துணியாவது போட்டு மூடுங்க சார். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்." அவள் கண் கலங்கியிருந்தது.

எங்கேயோ இடித்துவிட்டார், அது வெளியே தெரிந்தால் பெரியவருக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். ஓட்டுகிறவர்களுக்கு அந்த ரோஷம் இருக்கும்தான். பழைய போர்வை ஒன்றை எடுத்து மட்கார்டின் மேல் போட்டார்.

பெரியவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். வண்டியைப் பார்த்ததும் பிடியை விட்டுவிட்டார்.

"இளைச்சுட்டியேடி," என்றார் டிராக்டரிடம்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று ஊரே கடைக்காரரைக் கேலி பேசும். அதே கிறுக்குப் பிடித்த இன்னொருவரை இன்றுதான் பார்க்கிறார். இன்ஜினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் ஹேண்டிலை அவசரமாக மாட்டினார்.

"கட்டை விரலைச் சுத்திப் பிடிக்காதீங்க! திருப்பி அடிச்சா விரல் போயிடும்," என்று அதட்டினார் பெரியவர்.

மகளின் பெயர் மறந்த மனிதர்! நர்ஸ் ஆச்சரியத்தோடு அப்பாவையே பார்த்தாள். இன்ஜின் டுப்டுப்பென்று பிடித்துக்கொண்டதும் பெரியவர் கை தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

"பையன் வரட்டும்மா. அவனையும் ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போகலாம்."

"ஆகட்டும்ப்பா."

பேரன்மேல் அவ்வளவு பிரியம் போலிருக்கிறது என்று கடைக்காரர் நெகிழ்ந்தார். பெரியவர் பானெட்டைத் தடவினார், சீட்டைத் தடவினார், ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். கடைக்காரரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வண்டியின் அருமை தெரிந்த ஒரே மனிதரிடம் போய் மறைப்பதா? அது பாவம் என்று தோன்றியது. நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்ட நேரத்தில் சட்டென்று போர்வையை இழுத்துவிட்டு, பெரியவரின் கையைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தார்.

"கூச்சமே படாதீங்க. வர்றவங்க எல்லாரையும் நான் இதைத் தொட்டுப் பாக்கச் சொல்லுவேன். இந்த வண்டிக்கு அழகே இதுதான். எப்படி விழுந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

"சார்!" என்று நர்ஸ் கத்தினாள்.

பெரியவரின் விரல்கள் பள்ளத்துக்குள் மெதுவாக நகர்ந்தன. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"வண்டியை நிறுத்துங்க."

கடைக்காரர் ஒன்றும் புரியாமல் இன்ஜினை நிறுத்தினார்.

"பையன் எங்கம்மா?"

"ஸ்கூலுக்குப் போயிருக்காம்ப்பா. இப்ப வந்துடுவான்." தினமும் சொல்கிற பதில்தான்.

"இல்லம்மா," என்றார் பெரியவர், கையை எடுக்காமல். "நான் வண்டியைப் பின்னால எடுத்தப்ப, சுவருக்கும் இதுக்கும் நடுவுல, இங்கதான் நின்னுட்டிருந்தான்."