பதினொரு மணி வரை

கணக்காளரின் அறைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது: 'பதினொரு மணி வரை தட்ட வேண்டாம்.'

மேலாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருடக் கணக்கு மதியத்துக்குள் தலைமை அலுவலகம் போயாக வேண்டும். பொறுமைக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் போல ஒவ்வொரு மேஜையாகப் போய், "என்ன, முடிஞ்சுதா?" என்று விசாரித்துவிட்டு, மறுபடி அந்தக் கதவுக்கே வந்து நின்றார்.

வரவேற்பு மேஜையிலிருந்த பெண் எழுந்து வந்தாள்.

"போன மாசமும் இப்படித்தான் சார் கதவைச் சாத்திட்டு வேலை பார்த்தாரு. கணக்குல ஒரு தப்பு இல்லைன்னு நீங்களே பாராட்டினீங்க."

"அது சரிம்மா. ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டு வந்துடறேன்."

அவள் தடுப்பதற்குள் கதவைத் தள்ளினார். நாற்காலி காலியாக இருந்தது. மேஜைமேல் செல்போன் மட்டும் அணைந்து கிடந்தது.

"ஆள் எங்கம்மா?"

அவள் தயங்கினாள். "அட்டையை மாட்டினாலும் வந்து தட்டத்தான் சார் செய்யறாங்க. அதான், ஆள் நடமாட்டமே இல்லாத ரூமாப் பார்த்துப் போய் உக்காந்துக்கறாரு."

"இந்த ஆபீஸ்ல அப்படி ஒரு ரூமா? எது?"

"உங்க ரூம்தான் சார்."

தன் அறைப் பக்கமாக நாலடி நடந்த மேலாளர், அப்படியே நின்றுவிட்டார்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். பதினொரு மணிக்கு வெளியே வந்துடுவாரு."