மேகம் விலகிய மத்தியானம்

ஏலத்தோட்ட முதலாளி பூபதிராஜாவே லாரியில் ஏறி நின்று அரிசி மூட்டைகளைத் தள்ளிக் கொடுத்தார். சிவப்புத் தார்ப்பாய், நடுவில் நீல ஒட்டு. அந்த வண்டி நிவாரண முகாம் வாசலுக்கு வந்தாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

“ஸ்டோர்ல இருந்த ஏலக்காய் மொத்தமும் மண்ணோட போச்சு. அது கெடக்குது கழுத! பாண்டி போனதத்தான் தாங்க முடியல மாரீஸ்வரி,” என்றார். “வண்டி ஒரு வாரமா கம்பத்துல ரிப்பேருக்கு நின்னுச்சு. இங்க இருந்திருந்தா எல்லாரையும் அள்ளிப் போட்டுட்டு எறங்கியிருப்பேனே!”

மாரீஸ்வரிக்குக் கண் நிறைந்தது. மலை சரிந்த அன்று போடிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால் அவள் பிழைத்தாள். அன்று காலையில்கூடப் புருஷன் பாண்டி போனில் பேசினான்.

“ஸ்டோருக்குப் பின்னால தரை வெடிச்சிருக்கு புள்ள. மொதலாளிட்டச் சொன்னேன். வந்து பாத்துட்டு, ஒண்ணுமில்ல, போய்ப் படுறான்னுட்டாரு.”

மலை செய்த சதிக்கு மனிதர் என்ன செய்வார்? பாண்டியை எடுத்துக் கொடுத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. வீடு இருந்த இடம் தெரிந்தால்தான் தோண்டுவார்களாம்.

உள்ளே கிருஷ்ணப்ரியா லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். பாலக்காட்டுப் பெண். புயலடித்த கடற்கரைகளைச் சாட்டிலைட் படத்தில் பார்த்துச் சேதம் கணக்கெடுப்பவளை, இந்தத் தடவை மலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

“அக்கா, இது மண்ணு சரியறதுக்கு முன்னாடி, அன்னிக்கு மத்தியானம் எடுத்தது. கொஞ்ச நேரம் மேகம் விலகியிருக்கு. இதுல இருக்கிறது, சரிஞ்சதுக்கு அப்புறம் எடுத்த அடுத்த படத்துல இல்லன்னா, அது சேதம். உங்க வீடு எது?”

மூன்றாவது தகரக் கூரையை மாரீஸ்வரி தொட்டுக் காட்டினாள். விரலை எடுக்க மனம் வரவில்லை.

“நாளைக்கே அங்க தோண்டச் சொல்றேன் அக்கா. மேல ஸ்டோர் வாசல்ல ஒரு லாரி நிக்குது பாருங்க. அடுத்த படத்துல காணோம். அதுவும் மண்ணுக்குள்ள போயிடுச்சா? யாரோடதுன்னு தெரியுமா?”

கிருஷ்ணப்ரியா படத்தைப் பெரிதாக்கினாள். சிவப்புத் தார்ப்பாய். நடுவில் நீல ஒட்டு. பின்பக்கம் தார்ப்பாய் விலகிய இடத்தில் வெள்ளை வெள்ளையாய் மூட்டைகள்.

மாரீஸ்வரி திரையில் இருந்து விரலை எடுத்தாள். எழுந்து வாசலுக்கு வந்தாள். முதலாளி இன்னும் வண்டிமேல்தான் நின்றார்.

“ஏலக்காய் மூட்டைய ஏத்துன வண்டியில, எம்புருசனுக்கு எடமில்லாமப் போச்சாய்யா?”