வாசலில் நாலு பூனை

பூனை நாட்டில் எலிகளுக்கு ஒரு தூதரகம் இருந்தது. வெறும் ஓட்டைப் பானைதான், ஆனால் மேலே கொடியெல்லாம் பறந்தது. தூதர் சுண்டெலி பூங்காவனம் காவல் கேட்டு ஏழு கடிதம் எழுதிய பிறகு, ஒருவழியாகப் பாதுகாப்பு அதிகாரி பெருச்சாளி ஆய்வுக்கு வந்தார்.

"நம்மகிட்ட இருக்கிறதே பத்துக் காவலர்தாம்மா. பத்தையும் தவளை நாட்டுக்கு ஒதுக்கியாச்சு."

"தவளை என்னங்கய்யா பண்ணிடும்?"

"அமைச்சர் விருந்துக்குப் போறது அங்கேதானே! உனக்கென்ன குறை? வாசல்ல நாலு பேர் நிக்கிறாங்களே."

"ஐயா, அது பூனைங்க!"

"அந்தந்த நாடுதான் தூதரகத்தைக் காக்கணும், அதான் ஒப்பந்தம். எனக்கு எவ்வளவு அழகா வணக்கம் வெச்சாங்க தெரியுமா?"

"வாயை நக்கிக்கிட்டே வெச்சாங்களே, அதைப் பாத்தீங்களா?"

பெருச்சாளி சிரித்துக்கொண்டே பையை மாட்டி, கிளம்புவதற்காகத் தலையை வெளியே நீட்டினார்.

"கெளம்பியாச்சாங்க, ஐயாஆஆ?" என்று குழைந்தது மூத்த பூனை. "தனியா போகாதீங்க. எல்லை வரைக்கும் நாலு பேரும் கூடவே வர்றோம். உங்களை நாங்க பாத்துக்கறோம்."

நீட்டிய தலை உள்ளே வந்துவிட்டது. அன்றே தலைமையகத்துக்குத் தந்தி போனது: "பத்துப் பேரையும் உடனே அனுப்பவும். மிக மிக அவசரம். பெருச்சாளி."

மூன்று நாள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பானைக்குள் கிடந்தார்கள். நான்காம் நாள் மூத்த பூனையே பதில் கடிதத்தை உள்ளே நீட்டியது. உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. பூங்காவனம் படித்தாள்:

"தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. பாதுகாப்பு அதிகாரியே அங்கு நேரில் தங்கியிருப்பதால், மேற்படி தூதரகத்துக்குக் காவலர் எவரும் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளது."