நாலாம் மாடிக்கான தோல்

"சாப்பிட்டாளா?" கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடியே அந்தம்மா கேட்டாள்.

"நல்லா சாப்பிட்டாம்மா. முந்தாநாளைக்கு இப்ப ரெண்டு மடங்கா ஆயிட்டா" என்றாள் லேப் டெக்னீஷியன் பெண்.

பேச்சு ஒரு பிளாஸ்டிக் தட்டைப் பற்றி. உள்ளங்கையில் அடங்கும் அந்தத் தட்டில், ரோஸ் நிறத் தண்ணீருக்கு அடியில் தோல் செல்கள் வளர்ந்துகொண்டிருந்தன. நாலாம் மாடியில் தீக்காயத்தோடு கிடக்கும் இருபது வயசுப் பெண்ணுக்காக. ரெண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். லேபில் அதற்குப் பேர் சாப்பாடு.

மூணு வாரத்துக்கு முன்னால் கீழ்த்தளத்திலிருந்து ஒருவர் லிஃப்டில் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே தபால்தலை அளவுக்குத் தோல். பெட்டியில் பேர் இல்லை, எண் மட்டும்தான், அதுதான் வழக்கம். மறுநாளிலிருந்து அந்தம்மா தினமும் வந்துவிடுவாள்.

"குளிருமா அவளுக்கு?"

"குளிராதும்மா. நம்ம உடம்புச் சூடுதான் அவ இருக்கற இன்குபேட்டர் பெட்டிக்குள்ளயும்."

"என் தோலை எடுத்துக்குங்கன்னு டாக்டர்கிட்ட எவ்வளவோ கெஞ்சினேன். பெத்தவளோடதே ஒட்டாதாமே?"

"ஆமாம்மா. வேற ஆளோடதுன்னா உடம்பு கொஞ்ச நாள்ல தள்ளிடும். சொந்த செல்லுன்னாதான் நிக்கும்."

அந்தம்மா தலையாட்டினாள். வளர்கிறது என்று எத்தனை தரம் சொன்னாலும் அவள் முகத்தில் சிரிப்பு மட்டும் வரவே இல்லை.

"எப்ப பாரு தட்டை அவ, இவங்கறே" என்று சீனியர் பூதக்கண்ணாடி கிண்டல் செய்தார். மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்காததால் வந்த பட்டப்பேர். "விட்டா ஸ்கூல்லயே சேத்துடுவே."

"அந்தம்மா அப்படித்தான் சார் கேக்கறாங்க."

கடல் தாண்டி இருக்கும் தன் அம்மாவுக்கும் போனில் 'சாப்பிட்டியா'வைத் தவிர வேறெதுவும் கேட்கத் தெரியாது என்பதை அவள் சொல்லவில்லை.

அச்சடிக்கும் நாள் வந்தது. செல்களைக் கொழகொழவென்ற ஜெல்லில் கலந்து மெஷினின் ஊசியில் ஏற்றினார்கள். ஊசிமுனை இப்படியும் அப்படியும் ஓடி, நூல் மாதிரி கோடு கோடாக இழுத்தது. ஒரு அடுக்கு முடிந்ததும் அதன்மேல் குறுக்கே இன்னொரு அடுக்கு. மதியத்துக்குள் ஈரம் மின்னும் எட்டு மெல்லிய துண்டுகள் தயார்.

"ஒரு வாரம் பெட்டிக்குள்ள இருக்கட்டும். செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும். அப்புறம் ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டு பூதக்கண்ணாடி கையுறையைக் கழற்றினார். "மிச்சத்தை அழிச்சிடு."

அவள் ப்ளீச் பாட்டிலை எடுத்தாள். அந்தம்மா கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். லேப் பெண் பாட்டிலோடே கதவைத் திறந்தாள்.

"என்ன பண்ணப் போறே கண்ணு?"

"கொஞ்சம் மிஞ்சிடுச்சும்மா. ப்ளீச் ஊத்திக் கொட்டிடணும். ரூல்."

"வேணாம். ஒரு ஓரமா வச்சுக்கயேன். தொந்தரவே பண்ண மாட்டேன். இருக்கான்னு மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்."

"முடியாதும்மா. என் வேலையே போயிடும். வேலை போனா நான் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்."

"ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு."

லேப் பெண் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூணு வாரமாக அடக்கிவைத்ததைக் கேட்டேவிட்டாள்.

"என்னம்மா நீங்க? மேல உங்க பொண்ணு முழுசா இருக்கா. பொழைச்சுக்குவான்னு டாக்டரே சொல்லிட்டார். அவ பக்கத்துல போய் உக்காராம ஒரு தட்டுக்காக அழுவாங்களா?"

அந்தம்மா கண்ணாடி வழியே மேஜையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மேல இருக்கறது சின்னவ கண்ணு. ரெட்டைப் புள்ளைங்க, ஒருத்திய ஒருத்தி உரிச்சு வச்சிருப்பாங்க. அதனாலதான் இவளோடது அவளுக்கு ஒட்டுதாம்."

"அப்ப... தட்டுல?"

"பெரியவ. அவ தீப்பிடிச்ச அன்னிக்கே போயிட்டா."