முதல் முக்குளிப்பு

"புதுசா முக்குளிக்கிறவங்க முதல்ல நல்ல முகமூடியாப் பார்த்து வாங்கணும் மேடம்," என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

"அது கிடக்கட்டும். வாயில கடிச்சுக்குவாங்களே, அதைக் காட்டுங்க," என்றாள் மனைவி. கணவர் பின்னால் பூனை போல நின்றார்.

கடைக்காரர் தண்ணீருக்குள் மூச்சுவிட உதவும் ரெகுலேட்டரை எடுத்து வைத்தார்.

"இதைக் கடிச்சுக்கிட்டுப் பேச முடியுமா?"

"ஒரு வார்த்தைகூடப் பேச முடியாதுங்க. தண்ணிக்குள்ள எல்லாம் கைஜாடைதான்."

"கத்த?"

"அதுக்கு வழியே இல்ல."

அவள் முகம் மலர்ந்தது. அதைக் கணவர் வாயில் திணித்து, "ஏதாவது சொல்லுங்க பார்ப்போம்," என்றாள்.

"ம்ம்... ம்ம்ம்..."

"இதையே பேக் பண்ணிடுங்க!"

"காத்து சிலிண்டர்?"

"வேண்டாம்."

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கொலைக்கு உடந்தையாகப் போகிறோமோ என்று பில் புத்தகத்தை மூடி வைத்தார்.

"காத்து இல்லாம சாரை எந்தக் கடல்ல இறக்கப் போறீங்க மேடம்?"

"கடலா? நான் கார் ஓட்டப் பழகுறேங்க. பக்கத்துல உட்கார்ந்துகிட்டு 'பிரேக்கு, பிரேக்கு'ன்னு கத்தி என் உயிரை வாங்குறார். நாளையிலேர்ந்து இதைக் கடிச்சுக்கிட்டுத்தான் இவர் வண்டியில ஏறணும்!"

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்துக்கொண்டே பெட்டியை எடுக்கப் போனார்.

கணவர் ரெகுலேட்டரை மெதுவாக வாயிலிருந்து உருவினார்.

"தம்பி, சிலிண்டரும் போட்டுடுங்க. ரெண்டு. இவ ரிவர்ஸ் எடுத்துப் பழகுறது ஏரிக்கரையில."