எலிக்குச் சோளம், மைனாவுக்குத் திராட்சை

மக்காச்சோளத்தில் காய்ச்சிய போர்பன் விஸ்கியை, இன்னும் கொஞ்ச காலம் ஊறட்டும் என்று பழைய ஒயின் பீப்பாய் ஒன்றுக்கு மாற்றி வைத்திருந்தார்கள். அது அடியில் கசிவதை முதலில் பார்த்தது கிடங்கில் வசித்த எலிதான். நக்கியதும் துள்ளி விழுந்தது.

"ஐயோ, நெருப்பு!" எரிச்சல் அடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டது. "அட, மக்காச்சோளம்!"

உத்தரத்தில் கூடு கட்டியிருந்த மைனா இறங்கி வந்து குடித்தது. இருமி முடித்துவிட்டு, "சோளமாவது! இது திராட்சை" என்றது.

"உன் நாக்கு சரியில்லை."

"நீ என்றைக்காவது திராட்சை தின்றிருக்கிறாயா?"

எலி தின்றதில்லை. மைனாவும் மக்காச்சோளத்தைத் தொட்டதில்லை. அதன்பின் மூன்று நாள் இரண்டும் பேசவில்லை. கிடங்கு வெறிச்சென்று இருந்தது.

நான்காம் நாள் ஓர் ஆள் வந்து கசிவை அடைத்துவிட்டுப் போனான். தரையில் ஒரே ஒரு சொட்டு மிஞ்சியிருந்தது. எலி அதில் பாதியை நக்கிவிட்டு மேலே பார்த்தது.

"அந்தத் திராட்சை எங்கே வரும்?"

மைனா இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "எரிச்சல் போன பிறகு, தொண்டையில். கொஞ்சம் பொறு."

எலி பொறுத்தது. வெகுநேரம் கழித்து, "வந்துவிட்டது" என்றது மெதுவாக.

மீதியில் அலகை வைக்கப் போன மைனா நிமிர்ந்தது.

"சோளம் எங்கே வரும்?"